கீழே திறக்கும் பெட்டி

அபொலேனா அக்காவை நினைத்தால் எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வருகிறது. அவள் மேல் இல்லை. எங்கள் நன்மைக்காகவே ராப்பகலாக உட்கார்ந்து உத்தரவு எழுதிக்கொண்டிருந்த ஒருவர் மேல். அவரும் செத்துப் போய்விட்டார். செத்தவர் மேல் கோபப்படுவது பாவம் என்று எங்கள் பங்குச் சாமியார் சொல்கிறார். பாவமாகவே இருக்கட்டும்.

வியன்னாவுக்கு வெளியே லிக்டென்டாலில், ஆல்ஸ் ஓடைக்கரையில், ஒரே முற்றத்தைச் சுற்றி எங்கள் வீடுகள். அக்கா துவைப்பாள், நான் இஸ்திரி போடுவேன். அவள் கை எப்போதும் சாம்பல் நீரில் ஊறிச் சிவந்திருக்கும். பெரிய இடத்துச் சட்டைகளெல்லாம் அவளிடம்தான் வரும், ஏனென்றால் அவள் துவைத்தால் சரிகைக் கைப்பட்டியில் ஒரு நூல் பிரியாது.

அவள் பிறந்தது போஹீமியாவில், ஒரு பிரபுவின் கிராமத்தில். அங்கே ஆள், மாடு, ஏரி மீன் எல்லாமே பிரபுவின் சொத்து. கல்யாணம் கட்டுவதற்கும் அவருடைய காரியஸ்தன் தலையாட்ட வேண்டும். மதெய் என்கிற தச்சு வேலைக்காரனும் அவளும் போய் அவன் முன்னால் நின்றார்கள். அவன் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இவள் மாளிகைச் சலவைக்கு வேண்டியவள், கட்டிக்கொடுத்தால் வருஷம் தவறாமல் பிள்ளை பெற்றுக்கொண்டு படுத்துவிடுவாள் என்றானாம். அடுத்த அறுவடை முடிந்ததும் மறுபடி போய்க் கேட்டார்கள். அதே பதில். அப்புறம் யாரையும் கேட்கவில்லை. வியன்னாவுக்கு ஓடிவந்துவிட்டார்கள்.

ஓடிவந்தால் மட்டும் போதுமா? பிரபு விடுதலைச் சீட்டுக் கொடுக்காமல் எந்தக் கோவிலிலும் கல்யாணம் செய்து வைக்க மாட்டார்கள். சேர்ந்து வாழ்ந்தால் போலீஸ்காரன் பிடித்துக் கிராமத்துக்கே அனுப்பிவிடுவான். அதனால் அண்ணன் தங்கை என்று சொல்லி ஒரே அறையில் குடியிருந்தார்கள், நடுவில் ஒரு படுதாவைத் தொங்கவிட்டு. முற்றம் முழுக்கத் தெரியும், யாரும் வாய் திறக்கவில்லை. நான் வந்த புதிதில் வெகுளியாக மதெயை அண்ணே, அண்ணே என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அக்கா துணி பிழிந்துகொண்டே சொன்னாள்: "அண்ணேன்னு கூப்பிடாதடீ ரெகினா. மாமான்னு கூப்பிடு. போலீஸ்காரன் நின்னா மட்டும் அண்ணே."

இப்படியே தலை நரைத்துவிட்டது இருவருக்கும். பிள்ளை ஒன்று பிறந்து, புருஷனில்லாத தங்கச்சிக்குப் பிள்ளை ஏது என்று போலீஸ்காரன் கேட்டால் என்ன சொல்வது என்று பயந்து, அனாதை இல்லத்து வாசலில் விட்டுவிட்டு வந்தாளாம். இதை என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். நான் திரும்பக் கேட்டதில்லை.

அப்போதுதான் சக்கரவர்த்தியிடமிருந்து அந்த உத்தரவு வந்தது. பிரபுக்களின் அடிமைத்தனம் ஒழிந்தது. இனி யாரும் யாரையும் கட்டிக்கொள்ளலாம், எங்கும் போகலாம், எந்தத் தொழிலும் கற்கலாம். மாவட்டக் கச்சேரியில் எழுத்தராக இருந்த எல்லிங்கர் ஐயா, துவைத்த சட்டைகளை வாங்கிப்போக வந்தவர், எங்கள் முற்றத்தில் நின்று அதை விளக்கினார். இளம் வயது, நன்றாகப் படித்தவர். பிரான்சு தேசத்து ஞானிகளின் புத்தகமெல்லாம் அவர் சட்டைப் பையில் இருக்கும், துவைக்கப் போடும்போது நானே எடுத்துக் கொடுத்திருக்கிறேன். மனிதன் பிறக்கும்போதே சுதந்திரமானவன், நம் சக்கரவர்த்தி அதைப் புரிந்துகொண்டவர் என்று சொன்னபோது அவர் கண்ணே கலங்கிவிட்டது. அந்த மனிதர் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

அக்காவும் மதெய் மாமாவும் கல்யாணம் செய்துகொண்டார்கள். முற்றமே கூடி, தங்கச்சியைக் கட்டிக்கொண்ட மகாபாவி என்று மாமாவைக் கேலி செய்து தீர்த்தது. படுதாவைக் கழற்றி அக்கா மேசை விரிப்பாகத் தைத்துவிட்டாள். சுவரில் சக்கரவர்த்தியின் படம் ஏறியது. அதற்குக் கீழே தினம் ஒரு விளக்கு. புனிதர்களுக்குக்கூட அவள் வீட்டில் அத்தனை எண்ணெய் செலவானதில்லை.

கல்யாணத்துக்கு மாமா கொடுத்த பரிசு ஒரு சவப்பெட்டி. சிரிக்காதீர்கள். எங்கள் ஊரில் நல்ல சாவு ஊர்வலம் என்பது ஒரு பித்து. கஞ்சி குடித்துக் காலம் தள்ளுகிறவர்கள்கூட அதற்கென்று சேர்த்து வைப்பார்கள். மாமா பட்டறையில் மிஞ்சிய நல்ல பைன் பலகைகளைப் பொறுக்கி, இழைத்து, இழைத்து, நீல வர்ணம் பூசி, மூடியில் ரோஜாப்பூ வரைந்திருந்தார். யார் முதலில் போகிறார்களோ அவர்களுக்கு என்று பேச்சு. அதுவரை அக்கா அதில் இஸ்திரி போட்ட துணிகளை அடுக்கி வைத்தாள். பூச்சி அரிக்காது, எலி கடிக்காது. எல்லிங்கர் ஐயாவின் சட்டைகளும் அதில்தான் கிடந்தன. பிறந்ததிலிருந்து அவளுக்கென்று எதுவும் இருந்ததில்லை. குடிசை பிரபுவுடையது, உழைப்பு பிரபுவுடையது, புருஷன் அண்ணன், பிள்ளை யாருடையதோ. அந்தப் பெட்டி அவர்களுடையது.

இதற்குள் சக்கரவர்த்திக்கு நல்லது செய்யும் ருசி கண்டுவிட்டது. இடி இடித்தால் கோவில் மணி அடிக்கக் கூடாது என்றார், அது மூடநம்பிக்கையாம். பீடத்தில் இத்தனை மெழுகுவத்திக்கு மேல் கூடாது என்றார், வீணாம். மாதா சிலைக்குப் பட்டு உடுத்தக் கூடாது என்றார். எங்களை ஒரு வார்த்தை கேட்டாரா? எதற்குக் கேட்பது? எங்களுக்கு எது நல்லதென்று எங்களைவிட அவருக்குத்தான் தெரியுமே. சின்னப் பிள்ளைக்குக் கசாயம் கொடுக்கிறவள் பிள்ளையைக் கேட்டா கொடுக்கிறாள்?

பிறகு ஒரு ஞாயிறு, பூசை முடிந்ததும், பங்குச் சாமியார் தலையைக் குனிந்துகொண்டே அடுத்த உத்தரவைப் படித்தார். இனிமேல் யாரையும் பெட்டியில் வைத்துப் புதைக்கக் கூடாது. பிணத்தின் உடுப்பைக் கழற்றி, துணிச் சாக்கில் வைத்துத் தைத்துவிட வேண்டும். கல்லறைத் தோட்டம் வரை கொண்டுபோகப் பங்குக்குச் சொந்தமான பெட்டி ஒன்று இருக்கும். அங்கே சாக்கைக் குழியில் போட்டு, மேலே சுட்ட சுண்ணாம்பைக் கொட்டி மூடிவிட்டு, பெட்டியை அடுத்த ஆளுக்குத் திருப்பி எடுத்து வர வேண்டும்.  கோவிலில் யாரோ ஒரு கிழவர் "கடவுளே" என்றார்.

பங்குப் பெட்டிக்கு அடியில் இரண்டு கதவு. விசையை இழுத்தால் இரண்டும் கீழே திறந்து, உள்ளே இருப்பது பொத்தென்று விழும். யாரும் பிணத்தைக் கையால் தூக்க வேண்டியதில்லை. எத்தனை புத்திசாலித்தனம் பாருங்கள். அதைச் செய்யும் வேலை வந்தது மதெய் மாமாவின் பட்டறைக்கு. கீல் வேலையில் அவர் கைக்கு நிகர் கிடையாது, அதனால் முதலாளி அவர் தலையிலேயே கட்டினார். செய்ய மாட்டேன் என்றால் வேலை போய்விடும்.

ஊரே வாத்துக்கறி சமைக்கும் மார்ட்டின் திருநாளன்று மாமா என்னையும் சாப்பிடக் கூப்பிட்டார். சாப்பிட்டுவிட்டு, பீர் கோப்பையை வைத்துவிட்டு, சுண்டுவிரலைக் காட்டினார். இந்த அளவுக்கு ஒரு மர ஆணி, பங்குப் பெட்டியின் தலைமாட்டுக் கதவுக்கு அடியில் பள்ளம் தோண்டிச் சொருகி, மேலே மெழுகு பூசி வைத்திருக்கிறாராம். பார்த்தால் தெரியாது. அது இருக்கிற வரை தலைமாட்டுக் கதவு திறக்காது.

"முதல் சாவுக்கே மக்கர் பண்ணும். எல்லாரு முன்னாடியும் மானம் போகும். சாமியாருக்கு வெறுத்துடும், தூக்கி மூலையில போட்டுடுவாரு. நம்ம ஆளுங்க பழையபடி அவங்கவங்க பெட்டியில போகலாம்."

"எங்க இருக்குன்னு எனக்கு மட்டும் காட்டு," என்றாள் அக்கா. மாமா வாத்து எலும்பால் மேசையில் கோடு கிழித்துக் காட்டினார். நாங்கள் மூவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

பெட்டி பங்குக்குப் போன அதே வாரம் மாமாவுக்கு நெஞ்சில் சளி கட்டியது. காய்ச்சல் ஏறியது. கொஞ்ச நாள்தான். ஒரு காலையில் அக்கா கஞ்சியோடு போய்ப் பார்த்தபோது ஆள் இல்லை.

லிக்டென்டாலில் அந்தப் பெட்டிக்கு முதல் சாவு அவருடையது.

அக்கா அழுதாள், பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு நீலப் பெட்டியிலிருந்த துணிகளை வெளியே அடுக்கினாள். அவரை அதில்தான் வைப்பேன் என்றாள். சாமியார் பயந்துபோய் கச்சேரிக்கு ஆள் அனுப்ப, எல்லிங்கர் ஐயா வந்து சேர்ந்தார். தொப்பியைக் கழற்றினார். மாமாவைப் பார்த்துத் தலைவணங்கினார். பிறகு ஆரம்பித்தார்.

"அம்மா, இது உங்களை அவமானப்படுத்த இல்ல. காட்டுல மரம் குறைஞ்சுபோச்சு. உசுரோட இருக்கறவங்க குளிர்ல நடுங்கும்போது செத்தவங்களுக்கு எதுக்குப் பலகை? உடம்பு சீக்கிரம் மண்ணாப் போறது ஊருக்கே சுகாதாரம். அதோட இதுல ஒரு பெரிய நியாயம் இருக்கு. பிரபுவுக்கும் சாக்கு, சலவைக்காரிக்கும் சாக்கு. இயற்கை முன்னாடி எல்லாரும் சமம்."

"இது புதுசா வெட்டின மரமில்லீங்க ஐயா. உங்க சட்டையெல்லாம் இதுலதான் இருந்துச்சு."

"ஒருத்தருக்கு விட்டா எல்லாரும் கேப்பாங்கம்மா."

"கேக்கட்டுமே. சமம்னு சொன்னீங்களே. சக்கரவர்த்தியோட அம்மா கப்புச்சின் மடத்துல எதுல படுத்திருக்காங்க?"

ராஜ குடும்பத்தாரை வைக்கிற அந்த மடத்து நிலவறையை வியன்னாவில் அறியாதவர் உண்டா? மகாராணியுடையது, எங்கள் அறையை உள்ளே வைத்து மூடிவிடலாம், அத்தனை பெரிய உலோகக் கல்லறை. மேலே ராஜாவும் ராணியும் எழுந்து உட்கார்ந்து ஒருவரை ஒருவர் பார்க்கிற மாதிரி சிலை. எல்லிங்கர் ஐயாவின் முகம் சிவந்தது.

"அது உத்தரவுக்கு முன்னாடி செஞ்சதும்மா."

"இதுவும் முன்னாடி செஞ்சதுதாங்க."

 அவர் கையிலோ உத்தரவு இருந்தது. அடம் பிடித்தால் சிப்பாய்கள் வந்து எடுத்துப் போவார்கள், அப்போது கோவிலில் சாமியாரின் ஜெபமும் மந்திரிப்பும் கிடைக்காது என்று மெதுவாக, வருத்தத்தோடு சொன்னார்.  கல்யாணத்துக்குக் குறுக்கே நின்ற காரியஸ்தன் குரலை உயர்த்திப் பேசினான், சாவுக்குக் குறுக்கே நிற்கிறவர் மரியாதையாகப் பேசுகிறார், அவ்வளவுதானே வித்தியாசம்? அவர் போனதும் அக்கா தன் படுக்கை விரிப்பை எடுத்துச் சாக்காகத் தைத்தாள். மாளிகையில் கற்ற பொடித் தையல். மாமாவை வெற்றுடம்பாக அதில் வைத்து, முகம் வரை வந்ததும் கொஞ்ச நேரம் ஊசியை நிறுத்திவிட்டாள். பிறகு அதையும் தைத்து முடித்தாள்.

வண்டி வந்தபோது, அதிலிருந்த பெட்டியைப் பார்த்ததும் நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அக்கா என் காதில் சொன்னாள்: "திறக்காதுடீ. திறக்கலன்னா வேற வழியில்லாம நம்ம பெட்டியைத்தான் கேப்பாங்க. நீ பாரு."

கோவிலில் மந்திரித்ததும் உறவுக்காரர்கள் வீட்டுக்குப் போய்விடுவதுதான் எங்கள் வழக்கம், வண்டி மட்டும் தோட்டத்துக்குப் போகும். நாங்கள் வண்டியின் பின்னாலேயே நடந்தோம். எல்லிங்கர் ஐயாவும் வந்தார், முதல் தடவை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்த்து மேலே சொல்ல வேண்டுமாம். வேரிங் கல்லறைத் தோட்டத்தில் சேறு கால் புதைந்தது. குழியின் குறுக்கே இரண்டு கட்டைகளைப் போட்டு, அதன்மேல் பெட்டியை வைத்தார்கள். குழிவெட்டி விசையை இழுத்தான்.

கால்மாட்டுக் கதவு திறந்தது. தலைமாட்டுக் கதவு திறக்கவில்லை.

மாமாவின் கால்கள் சாக்கோடு கீழே தொங்கின. தலையும் மார்பும் பெட்டிக்குள். அப்படியே நின்றார், குழிக்கு மேலே, பாதி உள்ளே பாதி வெளியே. குழிவெட்டி விசையைத் திரும்பத் திரும்ப இழுத்தான். பெட்டியைப் பிடித்து உலுக்கினான். ஒவ்வொரு உலுக்கலுக்கும் அந்தக் கால்கள் ஆடின. நான் கண்ணை மூடிக்கொண்டேன், அக்கா மூடவில்லை.

"ஐயா, நிறுத்தச் சொல்லுங்க. எங்க பெட்டி வீட்டுல தயாரா இருக்கு. வண்டி அனுப்பினா வந்துடும்," என்றாள்.

எல்லிங்கர் ஐயா வெளுத்துப்போயிருந்தார். அந்த நேரத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அவர், யாருக்கும் தெரிந்திருக்காது. புத்தகத்தில் படித்த அத்தனை சுதந்திரமும் அவருக்கு அந்த ஒரு வார்த்தையைத் தரவில்லை. முடியாது அம்மா, உத்தரவு என்றார். பிறகு குழிவெட்டியிடம், எப்படியாவது முடிங்க என்றார்.

குழிவெட்டி பெட்டி மூடியை எடுத்துப் போட்டுவிட்டு மண்வெட்டியை ஓங்கினான். மேலிருந்து குத்திக் கதவை உடைக்கப் பார்த்தான். அந்தக் கதவின் மேல் மாமாவின் தலை இருந்தது.

அக்கா சேற்றில் மண்டிபோட்டாள். பெட்டிக்கு அடியில் கையை விட்டு, மெழுகை நகத்தால் சுரண்டி, ஆணியைப் பிடுங்கினாள். கதவு எண்ணெய் போட்ட மாதிரி திறந்தது. மாமா விழுந்த சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. குழிவெட்டி சுண்ணாம்பை வாரிக் கொட்டிக்கொண்டே, நல்ல வேளை தாயி, கீல்ல ஏதோ சிக்கியிருந்துச்சு போல என்றான்.

 வீட்டு வாசலுக்கு வந்ததும் அக்கா கையை விரித்துக் காட்டினாள். ஆணி உள்ளங்கையில் இருந்தது.

"எல்லாரையும் காப்பாத்த அந்த மனுஷன் வெச்சுட்டுப் போனதுடீ இது. ஒரு மண்வெட்டிக்குப் பயந்து நான் பிடுங்கிட்டேன்."

அதன் பிறகு அந்தப் பெட்டி ஒரு தடவைகூட மக்கர் செய்யவில்லை. அந்தக் குளிர்காலத்தில் எங்கள் தெருவில் செத்தவர்கள் எல்லாரும் அதன் வழியாகத்தான் விழுந்தார்கள், மாமாவின் கைவேலை அத்தனை சுத்தம். வண்டிச் சத்தம் கேட்டால் அக்கா எழுந்து ஜன்னலைச் சாத்துவாள். சக்கரவர்த்தி படம் சுவரில் இருந்தது, விளக்கு மட்டும் நின்றுபோனது.

ஊரெல்லாம் குமுறியது. சில இடங்களில் பிணத்தையே கொடுக்க மறுத்தார்கள் என்று பேச்சு. புது வருஷம் பிறந்த மாதத்திலேயே சக்கரவர்த்தி உத்தரவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். எப்படித் தெரியுமா? தப்பு நடந்துவிட்டது என்று ஒரு சொல் இல்லை. செத்த பிறகும் ரொம்ப நாள் நாறிக்கொண்டு கிடப்பதில்தான் ஜனங்களுக்கு இத்தனை ஆசை என்றால், எனக்கென்ன, அவரவர் இஷ்டப்படி புதைத்துக்கொள்ளட்டும் என்கிற தோரணையில் இருந்தது. நாற்றத்துக்கா நாங்கள் அழுதோம்? ஒரு மனுஷனை மனுஷன் கையால் இறக்கி வைக்க வேண்டும் என்று கேட்டால் அது எங்கள் முட்டாள்தனம். கொடுக்கும்போதும் எங்களைக் கேட்கவில்லை, பிடுங்கும்போதும் கேட்கவில்லை, திருப்பித் தரும்போது முகத்தில் விட்டெறிந்தார்.

எல்லிங்கர் ஐயா சந்தோஷமாக ஓடிவந்து, பாத்தீங்களா அம்மா, ஜனங்க சொல்றதைக் கேக்கற ராஜா உலகத்துலயே இவர் ஒருத்தர்தான் என்றார். அக்கா அவருடைய சட்டைகளை, துவைக்காமலே, மடித்து அவர் கையில் கொடுத்தாள். இனி வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். அவருக்குக் காரணம் புரியவில்லை, நிஜமாகவே புரியவில்லை.

அவள் செத்தது போன வருஷம். நீலப் பெட்டியில்தான் வைத்தோம், நானே அடிப்பலகையைத் தட்டிப் பார்த்த பிறகு. பூசை, மெழுகுவத்தி, ஊர்வலம், ஒன்றும் குறையில்லை. ஆனால் எனக்கு அவளை நினைத்தால் ஞாபகம் வருவது அது இல்லை, அதற்கு முன்பு வந்த ஒரு கல்லறைத் திருநாள்.

சக்கரவர்த்தி இறந்த வருஷம் அது. அன்று கப்புச்சின் மடத்து நிலவறையை ஜனங்களுக்குத் திறந்து விடுவார்கள். போகலாம் வா என்றாள். அவள் வாயால் அதைக் கேட்டு எனக்கு ஆச்சரியம். வரிசையில் நகர்ந்து உள்ளே போனோம். அம்மாவும் அப்பாவும் உட்கார்ந்திருக்கிற அந்தப் பெரிய கல்லறைக்கு முன்னால், கீழே, மகனுக்கு ஒரு செம்புப் பெட்டி. பூவில்லை, சிலையில்லை. எத்தனை எளிமை, எத்தனை எளிமை என்று எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள். எளிமைதான். ஆனாலும் பெட்டி. சாக்கைக் காணோம்.

அக்கா விளக்குப் பிடித்திருந்த துறவியிடம் கேட்டாள்: "சாமி, இதுக்குக் கீழ கதவு இருக்கா?"

அவர் புரியாமல் பார்த்தார். "இல்லம்மா. அடி முழுத் தகடு."

"நல்லாப் பாத்துட்டீங்களா?"

அவர் அடுத்த ஆளைக் கவனிக்கத் திரும்பியதும், அக்கா பாவாடைப் பையில் கையை விட்டாள். அந்த மர ஆணி. குனிந்து, செம்புப் பெட்டியின் தலைமாட்டுக்கு அடியில், தரைக்கும் தகட்டுக்கும் நடுவில் இருந்த இடுக்கில் அதைச் சொருகினாள். எனக்குக் கோபம் பொங்கியது. வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"அவருக்கு எதுக்குக்கா அது? மாமாவைக் குழியில தள்ளினவரு விழாம இருக்கணும்னு உனக்கு என்ன அக்கறை?"

அவள் முக்காட்டை இழுத்துக் கட்டிக்கொண்டாள்.

"எங்களுக்குக் கல்யாணம் பண்ணி வெச்சவருடீ. அந்தக் கடனுக்கு இது சரியாப்போச்சு. மிச்சத்தை மேல உங்க மாமா கேட்டுக்குவாரு."